டிராக்டருக்குச் சாவி உண்டு, மூன்று சக்கர சைக்கிளுக்கு இல்லை

பிரான்சின் பூர்கோஞ் வட்டாரத்துப் பசுமைப்பாதையோரச் சிற்றூர் ஒன்றின் மேயருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

உங்கள் ஊர் எல்லையில், திராட்சைத் தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம், நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் உரிய பசுமைப்பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்தில், இந்தக் கோடையில் இரண்டு இரும்புத் தடுப்புகளை நட்டிருக்கிறீர்கள். ஒன்று இடப்பக்கமிருந்து பாதி தூரம், அடுத்தது வலப்பக்கமிருந்து பாதி தூரம். நடுவில் வளைந்து நுழைந்து போக ஒரு சந்து. மன்றம் கூடி வாக்களித்து எடுத்த முடிவு இது என்று ஊர் மன்ற அலுவலகமான மேரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் படித்தேன். அந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது.

இதே மடலின் பிரெஞ்சு வடிவம் பதிவுத் தபாலில் உங்களுக்கு வந்திருக்கும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கோடை விடுமுறையில் பாரிசிலிருந்தும் லியோனிலிருந்தும் இந்தப் பாதைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெருகி வருகின்றன. வயதான பெற்றோரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் ஊர் வாசலில் என்ன காத்திருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். ஊரின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

என் வீட்டுக்காரருக்கு இடது காலில் இளம்பிள்ளை வாதம். காரைக்காலில் பிறந்தவர், தடுப்பு மருந்து எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர்வதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் ஒருவர். காலிப்பர் என்ற கால்தாங்கியும் கைத்தடியும் இருந்தால் வீட்டுக்குள் நடப்பார், கடைத்தெரு வரை போவார். அதற்கு மேல் முடியாது. பணி ஓய்வுக்குப் பிறகு சேமிப்பிலிருந்து ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கினோம். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற வகை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, உதவிக்குச் சின்ன மோட்டார். இடது பாதத்தைப் பெடலோடு சேர்த்து வாரால் கட்டிவிட வேண்டும். கட்டிவிட்டால் வலது காலும் மோட்டாரும் சேர்ந்து மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். வாழ்நாளில் முதல்முறையாக என்னைவிட வேகமாகப் போனார். திரும்பிப் பார்த்து, "என்ன, வர்றியா இல்லையா?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளாக நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

உங்கள் தடுப்பின் முன் நாங்கள் போய் நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு முந்தைய மாதம்கூட அதே இடத்தைத் தடையில்லாமல் கடந்திருந்தோம். இப்போது முதல் கம்பியைத் தாண்டி வண்டி உள்ளே போனது, இரண்டாவது கம்பிக்குத் திரும்பவில்லை. அப்படியே சிக்கிக்கொண்டது. பின்னால் எடுக்கவும் இடமில்லை. அவர் இறங்க வேண்டுமென்றால் முதலில் கால் வாரை அவிழ்க்க வேண்டும், காலிப்பரைப் பூட்ட வேண்டும், தரையோடு தரையாக இருக்கும் இருக்கையிலிருந்து யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டும். பிறகு பேட்டரியோடு சேர்ந்து முப்பது கிலோவுக்கு வரும் வண்டியை யாராவது கம்பிக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். எனக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். இரண்டு இளைஞர்கள் அவரை உட்கார்ந்த நிலையிலேயே வண்டியோடு தூக்கிப் பின்பக்கமாக வெளியே வைத்தார்கள். அவர் நன்றி சொன்னார். வீடு திரும்பும் வரை வேறொன்றும் பேசவில்லை.

திரும்பும் வழிதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். பாதை அடைபட்டதால் மாவட்டச் சாலைக்கு ஏறினோம். கார் ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத உயரத்தில், ஒரு கம்பத்தில் சின்னக் கொடியை மட்டும் கட்டிக்கொண்டு, லாரிகளுக்குப் பக்கத்தில் அவர் மிதித்து வந்தார். பசுமைப்பாதை என்ற ஒன்றைப் போட்டதே இந்தக் காட்சி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இந்தப் பாதையின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வாக்களித்த அன்று அதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். ரயில் ஓடி நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டு, 1997-இல் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே 44 கிலோமீட்டருக்குத் திறந்தார்கள். பிரான்சின் முதல் பசுமைப்பாதை என்ற பெயர் இதற்கு உண்டு. பிறகு வடக்கே ஷாலோன் பக்கமும் தெற்கே மாக்கோன் பக்கமும் நீண்டது. இன்று நாடு முழுக்க இப்படி எத்தனையோ பாதைகள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மூத்தது உங்கள் தோட்டத்து ஓரமாகப் போகிறது.

ரயில்பாதையாக இருந்ததால் இதற்கு ஒரு குணம் வாய்த்தது. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேட்டைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும், ஏற்றமே தெரியாத தடம் ஒன்றை அமைத்தார்கள். எஞ்சினுக்காகச் செய்த அந்தச் சமதளம் இன்று பலமில்லாத காலுக்கும், நெஞ்சு அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்கும் பயன்படுகிறது. பூர்கோஞ்சின் இந்த மேடுபள்ளத்தில் இவர்கள் எல்லோரும் சேர்ந்து போகக்கூடிய வேறு வழி ஏது?

அவரோடு இந்தப் பாதையில் போகும்போது நான் பார்ப்பதும் அவர் பார்ப்பதும் வேறு. ஜிவ்ரியைத் தாண்டியதும் திராட்சைக் கொடிகள் வரிசையாகத் தொடங்கிவிடும். நான் அவற்றை மேலிருந்து பார்க்கிறேன். அவரோ குலைகள் தொங்கும் மட்டத்திலேயே போகிறார். ஆகஸ்டில் காய் கறுக்கத் தொடங்குவதை எனக்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்வார். புஸ்ஸியில் பழைய ரயில் நிலையத்தருகே தண்ணீர் குடிப்போம். சேன்-ஜாங்கூ வந்தால் பழைய ஊருக்குள் நுழைந்து கல் வீடுகளுக்கு நடுவே ஒரு சுற்று. அதற்குத் தெற்கே க்ரோன் ஆற்றுச் சமவெளியும் மரநிழலும், ஷாரொலே இன மாடுகள் மேயும் புல்வெளிகளும்.

கோர்மதேன் அரண்மனை அவருக்கு மிகப் பிடித்த இடம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் து ப்ளே குடும்பத்தார் கட்டியது. சுற்றி அகழி, உள்ளே பதின்மூன்றாம் லூயி காலத்துத் தங்க முலாம் பூசிய அறைகள். மாடிப்படி ஏற முடியாதவர் என்பதால் அவர் பார்ப்பது பெரும்பாலும் தோட்டமும் அகழி நீரில் விழும் கட்டடமும்தான். அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. அடுத்து தெய்ஸே, கிறித்துவத் துறவிகள் குழு ஒன்று வாழும் சிற்றூர். எந்த நாட்டு இளைஞர்களோ கூட்டம் கூட்டமாக மலையடிவாரத்தில் இறங்கி வருவார்கள். அப்புறம் க்ளூனி. 910-இல் தொடங்கிய மடம். அங்கே எழுந்த மூன்றாவது கோயில், ரோமில் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்டும் வரை, கிறித்துவ உலகிலேயே பெரியதாக இருந்தது. புரட்சிக்குப் பிறகு அதை விற்று, கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிச்சம் நிற்கும் எண்கோணக் கோபுரத்தைப் பாதையிலிருந்து கண்டதும் அவர் மிதிப்பதை நிறுத்திவிடுவார். தஞ்சைப் பெரிய கோயிலையும் பெயர்த்து விற்றிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று ஒருமுறை கேட்டார். எனக்குப் பதில் தோன்றவில்லை.

க்ளூனிக்குத் தெற்கே, புவா கிளேர் சுரங்கம். 1.6 கிலோமீட்டர் நீளம். உச்சி வெயில் அடிக்கும் நாளில்கூட உள்ளே சட்டைக்கு மேல் சட்டை வேண்டும். மறுபக்கம் வெளியே வந்தால் சற்று நேரத்தில் பெர்ஸே-லெ-ஷாத்தல் கோட்டை. கோபுரங்களும் மதில்களும் மேலே, திராட்சைத் தோட்டம் அடிவாரம் வரை இறங்கி வரும். காரில் போகிறவர்களுக்கும் அந்தக் கோட்டை தெரியும், வளைவில் ஒரு கணம். நாங்கள் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே போகலாம்.

இந்தச் சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் முடிவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

குளிர்காலத்தில் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். உள்ளே வௌவால்கள் உறங்குகின்றன. உறக்கத்தின் நடுவே வெளிச்சமும் சத்தமும் எழுப்பிவிட்டால், வசந்தம் வரை தாக்குப்பிடிக்க உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு வீணாகி அவை செத்துப்போகக்கூடும். எனவே கதவைச் சாத்துகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் சாத்துகிறார்கள். பந்தய சைக்கிள்காரரும் நின்று திரும்ப வேண்டும், நாங்களும் திரும்ப வேண்டும். எப்போது திறக்கும் என்று எழுதிப்போடுகிறார்கள், கணவாய் மேல் ஏறிப் போகும் மாற்றுவழியையும் காட்டுகிறார்கள். என் வீட்டுக்காரர் அந்த மாதங்களில் க்ளூனியோடு திரும்பிவிடுவார். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. "தூங்கட்டும் பாவம்" என்பார்.

உங்கள் தடுப்புக்கு வருவோம். அதற்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுக்க உண்டு. எல்லோரையும் தடுப்பதும் இல்லை. இரண்டு கால் நலமாக உள்ளவர் இறங்கி, வண்டியை இரண்டு முறை திருப்பி, பத்து நொடியில் போய்விடுகிறார். இறங்க முடியாதவர் மட்டும் அங்கேயே நிற்கிறார். மாற்றுவழிப் பலகையும் இல்லை. வௌவாலுக்காக யோசித்தவர்கள் யார் வருவார், எப்போது வருவார், அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு மனிதரைப் பற்றி யோசிக்கக் கேட்பது அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

நான் எந்த நியாயத்தையும் கேட்காமல் எழுதவில்லை. மேரிக்குப் போனேன். வாரத்தில் இரண்டு முற்பகல் மட்டும் திறந்திருக்கும் அலுவலகம் என்பதால் முதல்முறை மூடியிருந்தது. மறுமுறை போனபோது அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரச் சொல்லி இரண்டு காரணங்களைச் சொன்னார். மோட்டார் சைக்கிளும் நாலு சக்கர மோட்டார் வண்டியும் பாதையில் நுழைகின்றன என்பது முதலாவது. வேகமாக வரும் சைக்கிள்கள் வண்டித்தடத்தைக் கடக்கும்போது விபத்து நேரக்கூடும் என்பது அடுத்தது.

இரண்டுமே பொய்யான கவலைகள் இல்லை. மாலையில் சத்தம் போட்டுக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிளை நாங்களும் பார்த்திருக்கிறோம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு மணியடிக்காமல் உரசிக்கொண்டு போகும் சைக்கிள்காரர்களையும் பார்த்திருக்கிறோம். நடந்து வரும் பாட்டிமார் அவர்களைத் திட்டுவது முழுக்க நியாயம். ஆனால் உங்கள் தடுப்பு இவர்களில் யாரையும் நிறுத்தவில்லையே! தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் ஒரு தடம் விழுந்திருக்கிறதே, போய்ப் பார்த்தீர்களா? சக்கர அச்சு தெளிவாகத் தெரிகிறது. மோட்டார் சைக்கிளின் அகலம் அதன் ஹேண்டில்பார் அளவுதான். அது புல்லில் இறங்கி, மேட்டில் ஏறி, மறுபடி தாருக்கு வந்துவிடுகிறது. நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு பையன் அப்படிப் போனான். புல்லில் இறங்க முடியாதது தாழ்வான மூன்று சக்கர வண்டி ஒன்றுதான்.

தடுப்பை நான் அளந்து பார்த்தேன். நுழையும் இடத்தின் அகலம் 90 சென்டிமீட்டர். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 1.2 மீட்டர். எங்கள் வண்டியின் அகலம் 85, நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவுகளை ஒரு தாளில் வரைந்து பார்த்தாலே போதும், வண்டி திரும்பாது என்று தெரிந்துவிடும். இரும்பு வாங்கும் முன் அந்தத் தாளை யாரும் வரையவில்லை.

இனி அந்த அகலக் கதவு. சந்துக்குப் பக்கத்திலேயே பூட்டுப் போட்ட பெரிய கதவு ஒன்று வைத்திருக்கிறீர்கள், மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும். திராட்சை விவசாயிகளின் டிராக்டருக்காக. அவர்களிடம் சாவி இருக்கிறது. அறுவடை நேரத்தில் அவர்கள் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பாதை அவர்கள் நிலத்தின் நடுவே போகிறது. எங்களைப் பார்த்தால் டிராக்டரை நிறுத்திக் கையசைக்கிறவர்கள் அவர்கள். ஆனால் மோட்டார் வண்டிக்கு இடமில்லை என்று 2004-இல் சாலை விதித்தொகுப்பிலேயே எழுதிவைத்த ஒரு பாதையில், மோட்டார் வண்டிக்குத் திறக்கும் கதவு இருக்கிறது, அந்தப் பாதை யாருக்காக உள்ளதோ அவருக்குத் திறக்கும் கதவு இல்லை. விதிவிலக்குக்கு மூன்று மீட்டர், விதிக்கு 90 சென்டிமீட்டர்.

உதவி மோட்டார் வைத்த சைக்கிள் எப்படி மோட்டார் இல்லாத வண்டி ஆகும் என்று மன்றத்தில் ஒருவர் கேட்டாராம். சட்டத்தில் பதில் இருக்கிறது. மிதித்தால் மட்டுமே இயங்கும், 250 வாட்டுக்கு மிகாத, மணிக்கு 25 கிலோமீட்டரில் துணையை நிறுத்திக்கொள்ளும் மோட்டார் இருந்தால் அது சைக்கிள்தான். எங்கள் வண்டி அந்த வகை.

அலுவலகத்தில் எனக்கு ஒரு தீர்வும் சொன்னார்கள். மனு எழுதிக் கொடுத்தால் எங்களுக்கும் ஒரு சாவி தரலாமாம். அதைச் சொன்னவரின் நல்ல மனதை மதிக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பூட்டு இருக்கும் உயரம் என் இடுப்பு மட்டம். கதவைத் திறக்க அவர் இறங்க வேண்டும், இறங்க முடியாததுதானே பிரச்சினை? நான் கூட இருந்தால் திறக்கலாம். அப்படியென்றால் என்னை விட்டு அவர் தனியாகப் போகக் கூடாது. இந்த வண்டி அவருக்குக் கொடுத்தது அந்தத் தனிமையைத்தான், அதையே திருப்பிக் கேட்கிறீர்கள். இன்னொன்று: நாளை அடுத்த ஊரும் உங்களைப் பார்த்துத் தடுப்பு வைத்தால், ஒவ்வொரு மேரியிலும் மனுக் கொடுத்து ஒவ்வொரு சாவியாக வாங்கிக் கோத்துக்கொண்டு, கோயில் தர்மகர்த்தா மாதிரி இடுப்பில் கொத்தோடு சைக்கிள் ஓட்ட வேண்டும். நெதர்லாந்திலிருந்து ஒரு வாரத்துக்கு வந்தவர் எந்த மேரியில் மனுக் கொடுப்பார்?

எங்கள் ஒரு வண்டிக்காக ஊர்ப்பணத்தில் போட்ட இரும்பைப் பிடுங்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஞாயிறுக்குப் பிறகு சில பொழுதுகள் நான் மட்டும் வந்து தடுப்பருகே உட்கார்ந்து பார்த்தேன். குழந்தையை இழுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு தகப்பன், சைக்கிளையும் இழுவண்டியையும் கழற்றி, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு, ஒவ்வொன்றாகக் கடத்தி, மறுபடி மாட்டினான். இருவர் மிதிக்கும் நீள சைக்கிளில் ஒரு தம்பதி வந்தார்கள்; பின்னால் இருந்த அம்மாளுக்குக் கண் தெரியாது. கணவர் வண்டியைத் தூக்கித் திருப்பும் வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்கர நாற்காலியில் மகளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் ஐரோப்பிய 6-ஆம் எண் சைக்கிள் வழி ஷாலோனைத் தொட்டுப் போகிறது. அதிலிருந்து பிரிந்து நம் பக்கம் வருகிறவர்கள் கூடாரமும் அடுப்பும் இருபக்கமும் தொங்கும் பைகளோடு வருகிறார்கள். அவர்களில் பலர் பையைக் கழற்றாமல் நுழைய முடியவில்லை. ஒரு ஜெர்மன்காரர் சொன்ன வார்த்தை எனக்குப் புரியவில்லை, பாராட்டாக இருந்திருக்க முடியாது.

இவர்கள் எல்லோரும் உங்கள் ஊரில் ரொட்டி வாங்குகிறவர்கள், ஒயின் பாதாள அறையில் இறங்கிச் சுவைத்துப் பார்த்து இரண்டு பெட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறவர்கள், விருந்தினர் அறையில் இரவு தங்குகிறவர்கள். அதைப் பற்றி உங்கள் கடைக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பாதையில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் தீயணைப்புப் படையினரின் வண்டி அந்தப் பூட்டுக்கு முன்தான் வந்து நிற்கும். சாவி அவர்களிடம் உண்டா என்று மேரியில் கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் பதில் வரவில்லை.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. ஊனமுற்றோரின் சம உரிமை பற்றிய 2005 பிப்ரவரி 11-ஆம் நாள் சட்டத்தை எந்த மன்றமும் அறியாதிருக்காது. அதன் தொடர்ச்சியாக 2007 ஜனவரியில் வந்த ஆணை, ஊர் எல்லைக்குள் பொதுமக்கள் நடக்கும் தடத்தின் அகலம் தடையில்லாமல் 1.4 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது; இருபுறமும் சுவரோ வேறு தடையோ இல்லாவிட்டால் 1.2 மீட்டர் வரை குறையலாம். நீங்கள் தடுப்பு நட்டிருக்கும் இடம் ஊர்ப்பெயர்ப் பலகைக்கு உள்ளே இருக்கிறது. நடப்பவர்களுக்கும் உரிய பாதை அது. 90 சென்டிமீட்டர் எந்தக் கணக்கில் வருகிறது என்று எழுத்தில் விளக்க வேண்டுகிறேன். 5,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதிகளும் இருக்கும் அணுகல் குழு ஒன்றைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் ஊர் சிறியது, அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் கேட்பதற்குத் தடையும் இல்லையே. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது.

வேறு வழியே இல்லை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இதே பாதையில், உங்கள் ஊருக்கு முன்னும் பின்னும், வண்டிச்சாலையைக் கடக்கும் இடங்களில் நடுவில் ஒற்றைத் தூண் நிற்கிறது. இருபுறமும் தாராளமாக இடம். கார் நுழையாது, மூன்று சக்கர வண்டி நிற்காமல் போகும். தேவைப்படும்போது தூணைக் கழற்றலாம். மோட்டார் சைக்கிளை அது நிறுத்தாது என்பீர்கள். உண்மை, உங்கள் தடுப்பும் நிறுத்தவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்துவது ஜாந்தார்ம் காவலர்களின் வேலை. கோடை மாலைகளில் சில தடவை அவர்கள் அங்கே நின்றாலே செய்தி பையன்களிடையே பரவிவிடும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கடக்கும் இடத்துக்கு முன்னால் தரையை மாற்றலாம், கரடுமுரடான பட்டை போடலாம், வண்டித்தடத்தில் வருகிறவருக்கும் 'நில்' பலகை வைக்கலாம். டிராக்டர் ஓட்டுநருக்கும் சைக்கிள்காரருக்கும் ஒருவரையொருவர் முன்கூட்டியே தெரியும்படி மூலையில் உள்ள புதரை வெட்டினாலே பாதி ஆபத்து போய்விடும். அந்தப் புதர் இப்போது ஆள் உயரத்துக்கு மேல்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

அந்த இரண்டு தடுப்புகளையும் எடுத்துவிட்டு, கழற்றக்கூடிய ஒற்றைத் தூணை நடுங்கள். இருபுறமும் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி இருக்கட்டும். இரவில் வருகிறவர் மோதிக்கொள்ளாதபடி தூணில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள்.

அது நடக்கும் வரை டிராக்டர் கதவின் பூட்டைப் பகல் நேரத்தில் நீக்கி, கதவைத் திறந்தே வையுங்கள். அதற்கு மன்றத் தீர்மானம் தேவையில்லை. மேயர் நினைத்தால் நாளைக் காலையே செய்யலாம்.

அவசர வண்டிகளுக்குச் சாவி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு, மேரியின் பலகையில் எழுதிப்போடுங்கள்.

மூலையில் வளர்ந்த புதரை அறுவடை டிராக்டர்கள் இறங்குவதற்கு முன் வெட்டுங்கள்.

பாதையில் இனி எந்தத் தடுப்பு, படி, கதவு வைப்பதென்றாலும், முடிவுக்கு முன் அந்த இடத்துக்கு வந்து ஒரு மூன்று சக்கர வண்டியை ஓட்டிப் பாருங்கள். வண்டி எங்களிடம் இருக்கிறது. ஓட்டுகிறவரும் வருவார்.

மன்றக் கூட்டங்கள் பொதுமக்கள் வந்து உட்கார்ந்து பார்க்கத் திறந்தவை, ஆனால் எங்களுக்கு அங்கே பேச உரிமை இல்லை. எனவே இந்த மடலை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து வாசிக்க வேண்டுகிறேன். பதிவுத் தபால் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இரண்டு மாத மௌனத்தைச் சட்டம் மறுப்பாகவே கொள்ளும். அப்படி நேர்ந்தால் குடிமக்களின் உரிமை மீறல் முறையீடுகளைக் கேட்கும் உரிமைக் காப்பாளர் அலுவலகத்துக்கும் டிஜோன் நிர்வாக நீதிமன்றத்துக்கும் போவதற்கான தாள்களை, அளவுகளோடும் படங்களோடும், அடுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சோன்-எ-லுவார் மாவட்டத்தில் வாழும் காரைக்கால்காரி ஒருத்தி, தன் வீட்டுக்காரரின் ஒப்புதலோடு